சோறும் தோளும்

“சோற்றாலடித்த பிண்டம்” என்பது தமிழன் தமிழனையே வைது பழகிய சொல். நான் ஆங்கிலப் பள்ளியிற் படித்த நாளில் அதே வசவை வேறு வடிவிற் கேட்டேன். தேகப்பயிற்சி வேளையில் கயிறேற முடியாமல் நடுவழியில் தொங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, சோறு தின்னும் கூட்டத்துக்குத் தோள் எங்கிருந்து வரும் என்றார் ஒருவர். அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அந்தச் சொல்லை அவர் புதிதாய்க் கண்டுபிடித்தவருமல்லர். ஆராய்ச்சிக் கூடங்களிலும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடங்களிலும் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு கொள்கையின் எச்சில் அது. அக்கொள்கை எங்கே பிறந்தது, தமிழன்மீது எவ்வாறு வந்து படிந்தது, சிங்கப்பூருக்கு அதில் என்ன பங்கு, கடைசியில் அதற்கு என்ன கதி நேர்ந்தது என்பதை வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

செம்பனைத் தோட்டமொன்றிற் கிராணி உத்தியோகம் பார்க்கும் எனக்கு, மாதம் ஒருமுறை ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் சென்று வருவது வழக்கம். சிராங்கூன் சாலையில் மளிகை வாங்கித் திரும்புமுன் கடைகளை வேடிக்கை பார்ப்பதும் வழக்கமே. அண்மையில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வாளியளவு பருத்த டப்பாக்கள் அடுக்கியிருக்கக் கண்டேன். முகப்பிலே முறுக்கேறிய புயங்களின் படம். உள்ளே பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதத் தூள். ஒரு கரண்டித் தூளில் 24 கிராம் புரதம் உண்டென்று அச்சிட்டிருந்தது. விலையைக் கேட்டேன். கேட்டவுடன் டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கயிற்றில் தொங்கிய அந்தப் பையன், முப்பது வயது கடந்த பின்னும் என்னுள்ளே தொங்கிக்கொண்டுதான் இருக்கிறான் போலும். இல்லாவிடில் அதைக் கையிலெடுத்தே இருக்கமாட்டேன்.

அக்கடைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள தெருக்களின் பெயர்களை வாசகர்கள் அறிவார்கள்: பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, பெலிலியோஸ் ரோடு. பஃபலோ என்றாலும் கெர்பாவ் என்றாலும் எருமையே. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப்பட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விடம் தண்ணீரும் புல்லும் நிறைந்த தாழ்நிலமாய்க் கிடந்தது. பெலிலியோஸ் முதலிய வணிகர்கள் இங்கே மாட்டு வியாபாரம் நடத்தினர். வடநாட்டாரும் தமிழரும் மாடு மேய்த்தனர். பால் கறந்து வீடுவீடாய்ச் சென்று விற்றனர். 1930-களில் நகராட்சிச் சட்டங்கள் கொட்டில்களை ஊருக்கு வெளியே தள்ளின. எருமை போயிற்று, பெயர் நின்றது. இன்று டப்பாவில் அடைத்து விற்கும் பொருள் ஒருகாலத்தில் அதே மண்ணில் நான்கு காலால் நடந்தது என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் கறந்தவன் வீட்டில் அதில் எத்தனை குவளை தங்கிற்று என்பது வேறு கேள்வி.

சுண்ணாம்புச் சூளைகள் இருந்தமையால் இவ்வட்டாரத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றும் வழங்கினர். சுண்ணாம்பு என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 1856-இல் அடிக்கல் நாட்டிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அதன் உட்சுவருக்குப் பூசியது மதராஸ் சுண்ணம். கிளிஞ்சற் சுண்ணாம்பும் முட்டையின் வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர்விட்டுக் கலந்த சாந்து அது. இவ்வளவு முட்டை சுவருக்குச் சென்ற ஊரில், அச்சுவரை எழுப்பிய தோள்களுக்கு எவ்வளவு சென்றது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

நிற்க. கொள்கையின் பிறப்பிடத்துக்குச் செல்வோம். 1838-இல் ஒல்லாந்து தேசத்து இரசாயன அறிஞர் மூல்டர், முட்டையிலும் இரத்தத்திலும் பாலிலும் பொதுவாயிருக்கும் ஒரு பொருளுக்குப் புரோட்டீன் என்று பெயரிட்டார். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் சுவீடன் அறிஞர் பெர்சீலியஸ். கிரேக்க மொழியில் அதற்கு ‘முதன்மையானது’ என்பது கருத்து. பிறக்கும்போதே பட்டாபிஷேகம் செய்துகொண்டு பிறந்த பொருள் அது! அடுத்து வந்தார் ஜெர்மன் அறிஞர் லீபிக். தசை வேலை செய்யும்போது புரதமே எரிந்து அழிகிறது. ஆகவே உழைப்பவன் புரதத்தையே மிகுதியாய் உண்ணவேண்டும் என்பது அவர் சித்தாந்தம். இறைச்சிச் சாறு காய்ச்சி விற்ற ஒரு கம்பெனிக்குத் தம் பெயரையும் அவர் அளித்தார் என்பதை இங்கே குறிப்பது குற்றமாகாது.

அச்சித்தாந்தத்தை ஒரு மலை உடைத்தது. 1865 ஆகஸ்டில் ஃபிக், விஸ்லிசெனுஸ் என்னும் இரு பேராசிரியர்கள் சுவிட்சர்லாந்தில் ஃபௌல்ஹார்ன் மலைமீது ஏறினார்கள். ஏறுவதற்கு முந்திய பகலிலிருந்து புரதமே இல்லாத உணவுதான்: மாவுப்பொருளைக் கொழுப்பில் பொரித்த அடையும் சர்க்கரையிட்ட தேநீரும். ஏறும்போதும் ஏறிய பின்னும் தம் சிறுநீரைச் சேர்த்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, உடலில் எவ்வளவு புரதம் எரிந்தது என்று கணக்கிட்டார்கள். அவர்கள் ஏறிய உயரத்துக்கு வேண்டிய சக்தியில் பாதிக்குக்கூட அந்தப் புரதம் காணவில்லை. மிச்சச் சக்தி எங்கிருந்து வந்தது? மாவிலும் கொழுப்பிலுமிருந்தே வந்தது. புரதம் வீட்டுக்குச் செங்கல், அடுப்புக்கு விறகன்று. விறகில்லாத வீட்டில் செங்கலையே எரிக்க நேரும் என்பதும் இதனால் விளங்கும். இக்கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்க, பின்னால் வேண்டியிருக்கும்.

ஆயினும் லீபிக்கின் வாரிசுகள் எளிதில் விடவில்லை. உழைப்பாளிக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டுமென்று மூனிச் நகரத்து ஃபோய்ட் விதித்தார். ஜெர்மன் தொழிலாளர் எவ்வளவு உண்கிறார்கள் என்று பார்த்து, அதையே எவ்வளவு உண்ணவேண்டும் என்று மாற்றிவிட்டதுதான் அவ்விதியின் இரகசியம். 1904-இல் அமெரிக்கத்து யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டெண்டன், படைவீரர்களையும் மாணவ ஆட்டக்காரர்களையும் அதில் ஏறக்குறையப் பாதி புரதத்தில் பல மாதம் வைத்துப் பார்த்தார். அவர்கள் வலிமை குறையவில்லை, பரீட்சைகளிற் கூடிற்று.

இதற்கு மறுமொழி கல்கத்தாவிலிருந்து வந்தது. அங்கே மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராயிருந்த மக்கே என்பவர் வங்காளச் சிறைகளின் உணவை ஆராய்ந்து, 1912-இல் புரதத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். குறைந்த புரதம் போதுமென்பார் வங்காளியைப் பார்க்கட்டும். சோற்றை வயிறு முட்ட உண்டும் அவன் உடலும் ஊக்கமும் மெலிந்திருப்பது புரதக் குறைவாலன்றோ என்பது அவர் வாதம். கோதுமையும் பாலும் இறைச்சியும் உண்ணும் வடமேற்கு மக்களை எதிர்த்தட்டில் வைத்து நிறுத்தார். இந்தியரில் சிலர் வீரசாதி, மற்றையோர் அல்லர் என்று வகுத்துப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துவந்த ஆட்சிக்கு இது மிக இனிப்பான விஞ்ஞானமாயிருந்தது. மதராஸ்ப் படைப்பிரிவுகள் பலவற்றை முன்னமே கலைத்தாயிற்று. கலைத்ததற்குக் காரணம் இப்போது சோற்றுப்பானைக்குள் அகப்பட்டது! சிங்கப்பூரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல்லாண்டு காவல்காத்தது மதராஸ்ச் சிப்பாய்ப்படை என்பதைச் சொல்ல அந்நாளில் எவரும் முன்வந்ததாய்த் தெரியவில்லை.

சிங்கப்பூர்த் தெருக்களில் அக்காலத்து இந்தியர் இருவரை அருகருகே காணலாயிருந்தது. ஒருவர் சீக்கியக் காவலர். 1881-இல் சீக்கியப் போலீஸ் பிரிவு இங்கே ஏற்பட்டது. மற்றவர் சாலையிலும் துறைமுகத்திலும் நகராட்சியிலும் கூலி வேலை செய்த தமிழர். முன்னவர் நெடியவர், மார்பகன்றவர். பின்னவர் குறியவர், ஒடுங்கியவர். பார்த்தவர்கள் இனத்தைப் பார்த்தார்கள், இலையைப் பார்த்தார்கள். ஆள் எடுத்த முறையை எத்தனை பேர் பார்த்தார்கள்? போலீசுக்கு உயரமும் மார்பும் அளந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கூலிக்கோ, பஞ்சத்தில் அடிபட்டுக் கப்பலேறியவன் எவனாயினும் வந்து சேர்ந்தான். தேர்ந்தெடுத்த நூற்றுவரையும் பசியால் துரத்தப்பட்ட நூற்றுவரையும் பக்கத்தில் நிறுத்தி, இது பஞ்சாப், இது தமிழ்நாடு என்று தீர்ப்புச் சொல்வது எவ்வகை நியாயம்?

இத்தீர்ப்புக்கு எல்லாவற்றினும் பெரிய முத்திரை தமிழ்நாட்டிலேயே குத்தப்பட்டது. 1918-இல் நீலகிரியின் குன்னூரில் இராபர்ட் மக்காரிசன் என்னும் இராணுவ மருத்துவர் உணவாராய்ச்சியைத் தொடங்கினார். 1920-களில் அவர் செய்த எலிச் சோதனை உலகப்பிரசித்தி பெற்றது. ஒத்த எலிக்குஞ்சுகளை ஏழு கூட்டமாய்ப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளி, மதராஸி என்னும் ஏழு மக்களின் உணவை ஒவ்வொன்றுக்கும் ஊட்டினார். சீக்கிய உணவுண்ட எலி சராசரி 235 கிராம் நிறுத்தது. மதராஸி உணவுண்ட எலி 155 கிராம், ஏழிலும் கடைசி. ஆக, இந்தியா முழுவதிலும் கடைநிலை எலி நம் எலியேயாயிற்று.

இச்சோதனையை நான் குறைகூற வரவில்லை. மக்காரிசன் நேர்மையான ஆராய்ச்சியாளர். உடல்வேறுபாட்டுக்கு இரத்தமன்று, உணவே பெருங்காரணம் என்று காட்டியதால் இனப்பெருமையின் வேரிலேயே வெந்நீர் ஊற்றியவர் அவர். எலி எல்லாம் ஒரே குலம். இலை மாறியவுடன் எடை மாறிற்று. இதைவிட நல்ல சாட்சி நமக்கு வேண்டுமோ? ஆனால் கேட்டவர்கள் பாதியைக் கேட்டுப் பாதியை விட்டார்கள். சீக்கிய உணவென்று அவர் கொடுத்தது முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, முளைத்த கடலை, பச்சைக் காய்கறி, எப்போதாவது இறைச்சி. மதராஸி உணவென்று கொடுத்தது கழுவித் தீட்டிய வெள்ளையரிசிச் சோறு, கொஞ்சம் பருப்பு, கொஞ்சம் காய், தேங்காய், எண்ணெய், சிறிது மோர், காப்பி. இரண்டுக்கும் வேறுபாடு புரதத்தில் மட்டுமா? உயிர்ச்சத்துகளில், கொழுப்பில், சுண்ணாம்புச் சத்தில், எல்லாவற்றிலும் வேறுபாடு. பின்னர் அவர் இங்கிலாந்து ஏழைகளின் உணவையும் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், வெந்த காய், டப்பி இறைச்சி. அவ்வெலிகளும் வளர்ச்சி குன்றின, ஒன்றையொன்று கடித்தன, கடைசியில் மெலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. டப்பியில் இறைச்சி இருந்தும் அது காக்கவில்லை. மதராஸி எலியின் கதை பரவிய அளவு இந்த எலியின் கதை ஏன் பரவவில்லை என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். இந்த ‘மதராஸி’ யார்? சங்க காலத்துப் பொருநராற்றுப்படையில் பேசும் பொருநன், ஓயாமல் இறைச்சி தின்று பல் மழுங்கியவன். தமிழன் புலாலறியாதவன் என்பது வரலாறன்று. பிற்காலத்திற் பாலும் நெய்யும் ஒருசாரார் இலைக்கே உரியவாயின. ஊனுண்போரை இழிந்தோரென்று ஒதுக்கும் வழக்கமும் வலுத்தது. கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்தியவனும், அக்கருவாட்டை உண்டு அவன் வயலை உழுதவனும் ஒரே ‘மதராஸி’யாக எலிக்கூண்டில் அடைபட்டார்கள்.

சோற்றின் சார்பில் மலாயா நாடே ஒரு சாட்சி சொல்லியிருக்கிறது. பெரிபெரி நோய் இங்கே ஆயிரக்கணக்கில் மக்களைக் கொன்ற காலம் அது. நெகிரி செம்பிலானில் மருத்துவராயிருந்த பிராடன், வெள்ளையரிசி உண்ணும் சீனத் தொழிலாளருக்கு அந்நோய் மிகுதியாய் வருவதையும், புழுங்கலரிசி உண்ணும் தமிழருக்கு வராமையையும் கண்டு, 1907-இல் நூலாய் எழுதினார். பின்னர் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் சோதனையால் அதை உறுதிசெய்தனர். தவிட்டிலிருக்கும் உயிர்ச்சத்து, புழுக்கும்போது அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. நெல்லைப் புழுக்கக் கற்ற நம் பாட்டிமாருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் கொடுக்கவில்லை.

இனித் தோட்டத்துக்கு வருவோம். அது நானறிந்த உலகம். மலாயாத் தோட்டத் தமிழருக்கு 1920-களின் இறுதியில் அரசாங்கம் வகுத்த நிலையான கூலி, நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உயிர்வாழ இன்னின்ன பொருள் இவ்வளவு போதும் என்று பட்டியல் போட்டுக் கணக்கிட்ட கூலி அது. 1930-களின் வியாபார மந்தத்தில் அதுவும் குறைந்தது. 1936 இறுதியில் மலாயா வந்து பார்த்த சீனிவாச சாஸ்திரியார் பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டுமென்று எழுதினார். 1938-இல் இந்திய அரசாங்கம் உதவியுடன் கூலியாட்கள் வருவதையே நிறுத்தியது. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் ஓடிப் பால்வெட்டி, காண்டாக் கம்பில் இரண்டு வாளி தூக்கி வந்தவனுக்கு வேண்டியது முதலில் விறகு. வயிறு நிறையச் சோறில்லாதவன் உடம்பு தன் தசையையே விறகாக்கிக்கொள்ளும். ஃபௌல்ஹார்ன் மலையிற் கண்ட கணக்கு லயத்து அடுப்பிலும் அதுவேதான். அவனை மெலிவித்தது சோறு அன்று. சோறு போதாமையும், சோற்றோடு சேரவேண்டியவை கூலிக்குள் அடங்காமையுமே.

இவ்வரலாற்றின் நடுவில் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். ஜமைக்காவிற் பிறந்தவர், ஆப்பிரிக்காவின் பொற்கடற்கரை நாட்டில் பணியாற்றியபோது, இன்னொரு குழந்தை பிறந்ததால் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, சோளக்கஞ்சியால் வளர்ந்த பிள்ளைகள் வீங்கி, தோல் உரிந்து, சாவதைக் கண்டார். 1933-இல் அதை எழுதினார். 1935-இல் அவ்வூரார் வழங்கிய குவாஷியோர்கர் என்னும் பெயராலேயே உலகுக்கு அறிவித்தார். புரதத்தில் ஏதோ குறைவு காரணமாயிருக்கலாம் என்று அவர் கருதினார். 1936-இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டு, சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்தார்.

இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. டப்பிப் பால், அதிலும் கொழுப்பெடுத்துச் சர்க்கரையிட்டுச் சுண்டிய பால், குழந்தைக்கு உகந்ததென்று ஏழைத் தாய்மாரிடம் விற்கப்பட்டது. தாய்மார் தம் பாலை நிறுத்தி அதைக் கரைத்துக் கொடுத்தார்கள், குழந்தைகள் மாண்டன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பிட்டு அம்மையார் பேசினார். இத்தகைய தவறான பிரசாரத்தைக் கொலையென்றே கருதவேண்டும் என்று வணிகர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். மாட்டுப்பட்டியின் பெயரைத் தாங்கிய பேட்டையும், அங்கே கண்டாங் கெர்பாவ் என்றே பெயர்கொண்ட பிரசவ ஆஸ்பத்திரியும் இருந்த ஊரில், பால் டப்பியில் வந்து பிள்ளையைக் கொன்றது! 1942-இல் ஜப்பானியர் வந்தனர். அம்மையார் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அச்சிறை வாழ்வில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பாலுண்டு இருபதும் பிழைத்தன என்று பின்னாளிற் சொல்லுவார். அவரையோ பெரிபெரி பற்றியது. அதனால் மரத்துப்போன பாதங்கள் சாகும்வரை சரியாகவில்லை.

போர் முடிந்த பின் நடந்தது விந்தை. ஆப்பிரிக்கப் பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதியதை அறிஞர்களும் சர்வதேச நிறுவனங்களும் ஊதிப் பெருக்கி, ஏழை நாடுகளின் பெருநோயே புரதப் பஞ்சம் என்று முடிவுகட்டினர். ஐக்கிய நாடுகள் சபை 1955-இல் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழு வைத்தது. மீன்மாவு, எண்ணெய்வித்துப் பிண்ணாக்கு, நுண்ணுயிர் என்று எதிலிருந்தெல்லாம் புரதத்தூள் எடுக்கலாமென்று ஆராய்ந்தனர். 1838-இல் நடந்த பட்டாபிஷேகம் மறுபடி நடந்தது.

அம்முடியை இறக்கியவர்களில் தலையாய ஒருவர் சேலத்துக்காரர். 1918-இற் பிறந்த டாக்டர் கோபாலன், மக்காரிசன் தொடங்கிய அதே குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்திற் சேர்ந்தவர். கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய பின், 1960 முதல் 1974 வரை அதன் இயக்குநராயிருந்தார். ஏழைப் பிள்ளைகள் உண்ணும் சோறும் பருப்பும் வயிறு நிறையும் அளவுக்குக் கிடைத்தால் புரதமும் போதுமான அளவு தானே வந்துவிடும். குறைவு புரதத்தில் மட்டுமன்று, உணவு முழுவதிலுமே என்று அவர் வாதித்தார். ஐதராபாத்தை அடுத்த கிராமங்களில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நாள்தோறும் சுமார் 310 கலோரி தரும் சிற்றுண்டி கொடுத்தார்கள்; அதில் புரதம் 3 கிராம் மட்டுமே. பதினான்கு மாதத்தில் அப்பிள்ளைகள், அது பெறாத பிள்ளைகளைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினர். 1973-இல் இது வெளியாயிற்று. மறு ஆண்டு மக்லாரன் என்னும் மருத்துவர், புரதப் பஞ்சக் கொள்கையைப் பெருந்தோல்வியென்று பெயரிட்டே எழுதினார். மதராஸி எலியை ஏழிற் கடைசியில் நிறுத்திய கூடத்திலிருந்தே, ஒரு தமிழ்நாட்டார் மூலமாய், விறகைப் பற்றிய நினைவு உலகுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் 2019-இல், நூறு வயது நிறைந்து மறைந்தார்.

அப்படியாயின் புரதம் வீண்தானா என்று கேட்பீர்கள். அன்று. தசையை வளர்க்க விரும்புவோனுக்கு அது வேண்டியதே. எவ்வளவு என்பதிலேதான் வியாபாரம் நுழைகிறது. நுழைந்தது இன்று நேற்றல்ல. ஜெர்மனியிற் பிறந்து இலண்டனிற் புகழடைந்த பயில்வான் சாண்டோ 1904, 1905 ஆண்டுகளில் இந்தியாவிலும் கீழ்நாடுகளிலும் சுற்றி வந்தார். அவர் பெயர் தமிழில் பட்டமாகவே ஆகிவிட்டது. சாண்டோ சின்னப்பா தேவரை அறியாதார் யார்? அந்தச் சாண்டோ மெச்சி விளம்பரப்படுத்திய பொருள் பிளாஸ்மான். அது என்ன? பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதத் தூள்! சிராங்கூன் சாலைக் கண்ணாடிக்குப் பின்னால் நான் கண்ட புதுமை நூறாண்டைத் தாண்டிய பழமை.

இன்றைய அறிவு சொல்வதைச் சுருக்கமாய்க் கூறுவேன். சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் முதலியவை 2007-இல் வெளியிட்ட கணக்கு. பளு தூக்கித் தசை வளர்ப்போரைப் பற்றி 49 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் வந்த ஆராய்ச்சி, கிலோவுக்கு சுமார் 1.6 கிராமுக்கு மேல் உண்பதால் தசை மேலும் கூடுவதில்லை என்றது. வளர்ச்சியின் பெரும்பங்கு பயிற்சியாலேயே வருகிறது. புரதம் அதற்குத் துணை. கர்லாக் கட்டை சுழற்றித் தண்டால் எடுத்த நம் பழைய உஸ்தாதுகள் இதைக் கேட்டால் வியப்படையமாட்டார்கள்.

கிராணியாதலால் கணக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன். 60 கிலோ நிறையுள்ள ஆள் ஒருவர் ஒரு நாளில் உண்பது 400 கிராம் அரிசியென்று கொள்வோம். அதில் புரதம் 28 கிராம். 75 கிராம் பருப்பில் 16. முட்டை ஒன்றில் 6. ஒரு குவளைப் பாலில் 6. ஒரு பிடி நெத்திலிக் கருவாட்டில் 10. கூட்டினால் 66. அவருக்கு வேண்டியது 50. அரிசியிற் குறைந்த லைசின் பருப்பிலும், பருப்பிற் குறைந்த மெத்தியோனின் அரிசியிலும் இருப்பதால், சோறும் சாம்பாரும், இட்டிலியும் பொங்கலும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பயில்வானாக விரும்பினால் 96 வேண்டும். துண்டு விழுவது 30. ஒரு நல்ல மீன்துண்டும் ஒரு கிண்ணம் கடலையும் அதை ஈடுசெய்யும். டப்பாவில் இருப்பது நஞ்சல்ல, வேண்டியவர் வாங்கட்டும். ஆனால் சோறு தின்பவனுக்குத் தோள் வராதென்ற பழைய பயத்தால் வாங்கவேண்டாம். எங்கள் தோட்டத்திற் செம்பனைக் குலை வெட்டும் வங்காளதேசத்து இளைஞர்கள் இருபது கிலோக் குலையைக் கம்பியால் குத்தித் தலைக்குமேல் வீசி லாரியில் ஏற்றுகிறார்கள். அவர்கள் உண்பது சோறும் பருப்பும் மீனும். பக்கத்திலே நின்று எண்ணிக்கை எழுதும் கிராணிக்குத்தான் தோள் இல்லை, தொந்தி உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காப் பக்கம் சென்றவர்கள் தெருவை நிறைத்து நிற்கும் தொழிலாளரைக் கண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டடமும் கப்பலும் கட்டுவோர் அவர்கள். வாரநாட்களில் அவர்களிற் பலருக்குப் பகலுணவு, விடியுமுன்னே சமைத்துக் கட்டிய பொட்டலம். உச்சிவேளைக்குள் அது புளித்துப் போவதும் உண்டென்று அவர்களே சொல்வார்கள்.

நான் டப்பாவைத் திரும்ப வைத்த அன்று, என் பின்னால் நின்ற ஓர் இளைஞர், “அண்ணே, இது சாப்பிட்டா உடம்பு ஏறுமா?” என்று கடைக்காரரைக் கேட்டார். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. கடைக்காரர் விலையைச் சொன்னார். இளைஞர் சிரித்துவிட்டு வெளியே வந்தார். பேச்சுக் கொடுத்தேன், ஊருக்கு அனுப்பியது போக மாதச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்று விரல்விட்டுச் சொன்னார். பிறகு இருவரும் சந்தைக்குள் நுழைந்தோம். அவர் முப்பது முட்டை அட்டை ஒன்றும், ஒரு கிலோ கொண்டைக்கடலையும் வாங்கினார். அறையில் நாலுபேர் என்றார்.